கணக்கு வேண்டாம் என்று பயாலஜி எடுத்தவர்களுக்குத் 'தலைகீழ் வகுப்பறை': சந்தேகங்களும் விளக்கங்களும்

பிளஸ் 1 சேர்க்கை நடக்கும் நாட்களில் ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பள்ளிகளில் பெற்றோர் பலரும் சொல்வது ஒன்றுதான்: "கணக்கு இவனுக்கு வராது சார், ப்யூர் சயின்ஸ் குரூப் போட்டுடுங்க." தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் என்று இரண்டு வருடம் கணக்குப் பாடம் இல்லாமல் ஓடிவிடும். பிறகு விருத்தாசலத்திலோ சிதம்பரத்திலோ கல்லூரியில் சேர்ந்தால், வேண்டாம் என்று விட்டுவந்த கணக்கு வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்த மாணவர்களுக்கு எப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற பேச்சில் இப்போது அடிக்கடி அடிபடுவது தலைகீழ் வகுப்பறை, அதாவது ஃபிளிப்டு கிளாஸ்ரூம். யு.ஜி.சி. 2021 இல் வெளியிட்ட கலப்புக் கற்றல் வரைவுக் குறிப்பு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று சொன்னதிலிருந்து இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. பெற்றோரும் மாணவர்களும் எழுப்பும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

பயாலஜி படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எதற்கு? அதற்குப் பயந்துதானே இந்தக் குரூப்பே எடுத்தோம்?

நீட் தேர்வோடு படிப்பு முடிவதாக இருந்தால் கணக்குப் பாடம் தேவையில்லைதான். 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கு. கணிதத்துக்குத் தனிப் பகுதி கிடையாது. ஆனால் நீட் எழுதுகிற எல்லோருக்கும் எம்.பி.பி.எஸ். கிடைப்பதில்லை. பலர் வேளாண்மைக்கும் பார்மசிக்கும் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் பட்டப்படிப்புகளுக்கும் போகிறார்கள். அங்கே கணக்கு காத்திருக்கிறது.

பி.எஸ்சி. வேளாண்மைக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தைப் பாருங்கள். பிளஸ் 2 இல் கணிதம் படிக்காதவருக்கு 'எலிமென்டரி மேத்தமேட்டிக்ஸ்', உயிரியல் படிக்காதவருக்கு 'இன்ட்ரடக்டரி பயாலஜி' என்று ஈடுகட்டும் பாடங்கள் வைத்தார்கள். பி.பார்ம். படிப்பிலும் அப்படியே. இந்திய மருந்தியல் கவுன்சிலின் பாடத்திட்டப்படி, உயிரியல் குரூப்பிலிருந்து வருபவர் முதல் செமஸ்டரிலேயே 'ரெமெடியல் மேத்தமேட்டிக்ஸ்' படிக்க வேண்டும். மடக்கை, அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், லாப்லாஸ் உருமாற்றம் வரை அதில் உண்டு. விலங்கியலும் தாவரவியலும் எடுத்தவர்கள் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கு என்பது உயிரியலுக்கு வெளியிலிருந்து வந்ததும் இல்லை. மெண்டல் பட்டாணியை எண்ணினார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்துப் பார்த்தால் 2.96. நீங்கள் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த 3:1 விகிதம் இப்படி வந்ததுதான். விதையை மட்டும் பார்த்துவிட்டு எண்ணாமல் விட்டிருந்தால் மரபியல் அவரோடு தொடங்கியிருக்காது.

தலைகீழ் வகுப்பறை என்றால் என்ன?

வழக்கமான முறையில் ஆசிரியர் வகுப்பில் பாடம் நடத்துவார், மாணவர் வீட்டில் கணக்குப் போடுவார். இதை மாற்றிப் போடுவதுதான் தலைகீழ் வகுப்பறை. பாட விளக்கத்தை முந்தின நாளே சிறு வீடியோவாகவோ அச்சிட்ட குறிப்பாகவோ கொடுத்துவிடுவார்கள். வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குப் போடுவதற்கு.

இதன் நியாயம் எளிமையானது. சூத்திரத்தைக் கேட்டுக்கொள்ளும்போது பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. "புரியுது சார்" என்று தலையாட்டுவார்கள். தடுமாறுவது வீட்டில், தனியாக, இரவு ஒன்பது மணிக்கு முதல் கணக்கைப் போடும்போது. அந்த நேரத்தில் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊரில் பட்டப்படிப்புக் கணக்குக்கு ட்யூஷனும் எளிதில் கிடைக்காது. எந்த இடத்தில் உதவி தேவையோ அந்த இடத்துக்கு ஆசிரியரை நகர்த்துவதுதான் இந்த முறையின் சாரம். வீடியோ அதற்கு ஒரு கருவி, அவ்வளவே.

இதுவும் ஒரு வெளிநாட்டு இறக்குமதிதானா?

பெயர் வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகப் பொருளாதார ஆசிரியர்கள் மூவர் 2000 ஆம் ஆண்டில் 'வகுப்பறையைத் திருப்பிப் போடுவது' பற்றி எழுதினார்கள். கொலராடோ மாநிலத்தில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் 2007 இல் பாடங்களைப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கியபின் இது பரவியது. அதற்கும் முன்பே, 1990களில், ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் மாணவர்களை முன்கூட்டியே படித்துவரச் சொல்லிவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்டுப் பக்கத்திலிருப்பவரோடு விவாதிக்க வைத்தார். அவர் அதற்கு நம்பியது புத்தகத்தைத்தான்.

தமிழ்நாட்டுக்கும் இதன் அடிப்படை புதிதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலும், மேல்வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியும் ஆசிரியர் பேச்சைக் குறைத்து மாணவர் வேலையைக் கூட்டப் பார்த்தவைதான். அவற்றில் எங்கே சறுக்கியது என்பதும் நம் ஆசிரியர்களுக்குத் தெரியும். பதிவேடு நிரப்பும் வேலை கூடி, கற்கும் வேலை குறைந்த இடங்களில்தான் சறுக்கியது. தலைகீழ் வகுப்பறையை எடுத்துக்கொள்கிறவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது அதைத்தான்.

வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

மரபியலில் எல்லோரும் படிக்கும் ஹார்டி–வெய்ன்பெர்க் விதியை எடுத்துக்கொள்வோம். முந்தின நாள் மாணவருக்குப் போவது ஆறு நிமிட வீடியோ அல்லது ஒரு பக்கக் குறிப்பு. அதில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு ஜீனுக்கு இரண்டு வடிவம், ஓங்கு வடிவத்தின் பங்கு p, ஒடுங்கு வடிவத்தின் பங்கு q, இரண்டையும் கூட்டினால் 1. கூடவே ஒரு சின்னக் கேள்வி: p = 0.7 என்றால் q எவ்வளவு?

மறுநாள் வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதுகிறார். "ஓர் ஊரில் 100 பேரில் 4 பேருக்கு ஓர் ஒடுங்கு பண்பு வெளியே தெரிகிறது. வெளியே தெரியாமல் அந்த ஜீனைச் சுமப்பவர் 100 பேரில் எத்தனை பேர்?" ஐந்து நிமிடம் யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் ஒரு விடையை நோட்டில் எழுத வேண்டும். 8 என்று எழுதுபவர் இருப்பார், 4 என்பவர் இருப்பார், 96 என்பவரும் இருப்பார்.

பிறகு நான்கு நான்கு பேராகச் சேர்ந்து பேசுகிறார்கள். பண்பு வெளியே தெரிய வேண்டுமானால் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு ஒடுங்கு ஜீன் சேர வேண்டும். ஆகவே 4 சதவீதம் என்பது q அல்ல, q-வின் வர்க்கம். 0.04-இன் வர்க்கமூலம் 0.2. அப்படியென்றால் p = 0.8. சுமப்பவரின் ஒடுங்கு ஜீன் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்கலாம் என்பதால், சுமப்பவர் பங்கு 2 × 0.8 × 0.2 = 0.32. விடை 32 பேர்.

இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அதிரும். நோயோ பண்போ 4 பேரிடம்தான் தெரிகிறது, சுமப்பவர் 32 பேர்! நெருங்கிய உறவில் திருமணம் செய்யும்போது மருத்துவர்கள் ஏன் எச்சரிக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். ஆசிரியர் சுற்றி வரும்போது யார் 0.04-க்கு வர்க்கமூலம் 0.02 என்று எழுதியிருக்கிறார் என்பது கண்ணில் பட்டுவிடும். பிழை தசமப் புள்ளியில், மரபியலில் இல்லை. வழக்கமான முறையில் இந்தப் பிழை செமஸ்டர் விடைத்தாளில்தான் வெளிவரும். திருத்துபவருக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியவராது.

கூடுதலாக ஒரு தகவல். 1908 இல் இந்த விதியை எழுதிய ஹார்டி, நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டி. உயிரியலாளர் பன்னெட் கேட்டதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு அளவிலான கணக்கு என்று சொல்லி அவர் ஒரு சிறு கடிதமாக எழுதிக்கொடுத்தது அது. ராமானுஜனோ சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் உடலியங்கியலில் மோசமாகத் தோற்றவர். ஒரு பாடத்தில் தடுமாறுவது மேதைக்கும் நடந்திருக்கிறது.

ஆசிரியர் வீடியோவைப் போட்டுவிட்டு வேலையைத் தட்டிக்கழிக்கிறாரோ?

நியாயமான சந்தேகம். யூடியூப் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டு வகுப்பில் வருகைப்பதிவு மட்டும் எடுத்தால், அது தட்டிக்கழிப்புதான்; தலைகீழ் வகுப்பறை என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

முறையாகச் செய்தால் ஆசிரியருக்கு வேலை கூடும். எந்தப் பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது, வகுப்பில் எந்தக் கணக்கைக் கொடுப்பது, தவறு எங்கே வரும் என்றெல்லாம் யோசித்துத் தயாரிக்க வேண்டும். முதல் ஆண்டு சிரமம் அதிகம். தயாரித்தது அடுத்த ஆண்டும் பயன்படும். வகுப்பில் அவர் நாற்காலியில் உட்கார முடியாது, பெஞ்சு பெஞ்சாகப் போய் நோட்டைப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன கணக்குப் போட்டீங்க?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வந்தால் வகுப்பு நடந்திருக்கிறது.

போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடாதா? வீட்டில் ஒரு போன்தான், டேட்டாவுக்கும் செலவாகுமே?

மூன்று சிக்கல் இதில் இருக்கிறது. முதலாவது, போன் இல்லாத அல்லது பகிர்ந்துகொள்ளும் வீடு. அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். பெண் பிள்ளைகளுக்குப் போன் கைக்கு வருவது இன்னும் கஷ்டம். இதனால்தான் வீடியோ கொடுக்கிற ஆசிரியர் அதே விஷயத்தை ஒரு பக்கக் குறிப்பாகவும் கொடுத்தாக வேண்டும். ஜெராக்ஸ் எடுத்தால் ஒன்றிரண்டு ரூபாய். விருத்தாசலம் பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போதே படித்துவிடலாம். குறிப்பு இல்லாமல் வீடியோ மட்டும் கொடுக்கும் தலைகீழ் வகுப்பறை, ஏழைப் பிள்ளையை இன்னும் பின்னுக்குத் தள்ளும்.

இரண்டாவது, செலவு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. டேட்டாவுக்கு அதில் ஒரு பங்கு போகலாம். ஆனாலும் வீடியோவைக் கல்லூரியிலேயே இறக்கிக்கொள்ள வசதி செய்துகொடுப்பது கல்லூரியின் கடமை.

மூன்றாவது, கவனம் சிதறுவது. எட்எக்ஸ் இணையக் கல்வித் தளத்தில் 69 லட்சம் முறை பார்க்கப்பட்ட வீடியோக்களை ஆராய்ந்து 2014 இல் வந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்குமேல் போனால் பார்ப்பவர் கவனம் சரிகிறது என்று சொன்னது. எனவே ஒரு மணி நேர வகுப்பை அப்படியே படம்பிடித்துக் கொடுப்பதில் பலனில்லை. சின்னதாக இருந்தால் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தரவும் முடியும்.

பார்க்காமல், படிக்காமல் வகுப்புக்கு வந்தால்?

சிலர் அப்படித்தான் வருவார்கள். அவர்களுக்காக ஆசிரியர் மறுபடி முழுப் பாடமும் நடத்தத் தொடங்கினால் அத்தோடு எல்லாம் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து யாரும் படித்துவர மாட்டார்கள். முன்தயாரிப்போடு சேர்த்து இரண்டே இரண்டு சிறு கேள்வி, வகுப்பு தொடங்கும்போது ஒரு துண்டுத் தாளில் விடை, அதற்கு இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கு என்று வைத்தால் பெரும்பாலோர் பார்த்துவிட்டு வருவார்கள். வராதவர் அன்றைய முதல் பத்து நிமிடம் பின்பெஞ்சில் குறிப்பைப் படித்துவிட்டுக் குழுவில் சேரட்டும். தண்டனை வேண்டாம், ஆனால் வேலை செய்யாமல் வகுப்பைக் கழிக்கவும் வழி இருக்கக் கூடாது.

பிளஸ் 2 இல் கணக்கே படிக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பத்தாம் வகுப்பிலிருந்து. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் 'புள்ளியியலும் நிகழ்தகவும்'. திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு, நிகழ்தகவு எல்லாம் அதில் இருக்கின்றன. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாளின் முதல் பகுதியும் ஏறத்தாழ இதுதான். பிளஸ் 1 இயற்பியலில் வகைக்கெழுவையும் கொஞ்சம் தொட்டிருப்பார்கள். எனவே ஒன்றுமே தெரியாது என்று எந்த பயாலஜி மாணவரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் கை விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கல்லூரி தொடங்கும் முதல் வாரத்தில் ஒரு சிறு சோதனை வைத்துப் பார்த்தால், ஆட்டம் காண்பது பெரும்பாலும் நான்கு இடங்களில்: பின்னம், தசமம், அடுக்கு, அலகு மாற்றம். மருந்துக்கடையிலும் வயலிலும் உயிரோடு விளையாடுவது இந்த நான்கும்தான். லிட்டருக்கு 2 மி.லி. மருந்து என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 20 மி.லி. என்று எந்த விவசாயியும் சொல்வார். ஹெக்டேருக்கு இவ்வளவு கிலோ என்று புத்தகத்தில் இருப்பதை ஏக்கருக்கு மாற்றச் சொன்னால் வேளாண்மை மாணவர் பலர் திணறுவார்கள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர், பெருக்குவதா, வகுப்பதா என்பதில்தான் குழப்பம்.

மடக்கை போன்றவை உயிரியலில் எங்கே வருகின்றன? மனப்பாடம் செய்தால் போதாதா?

மனப்பாடம் ஒரு செமஸ்டருக்கு வரும், ஆய்வுக்கு வராது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மீனைப் பற்றிப் படிப்பவர்கள் அங்கே தொடக்கத்திலேயே சந்திக்கும் கணக்கு, நீளத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு. 12 செ.மீ. நீளமுள்ள மீன் 20 கிராம் என்றால், அதே வகை மீன் 24 செ.மீ. வளர்ந்தால் எடை எவ்வளவு? "40 கிராம்" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். நீளம் இரட்டித்தால் அகலமும் தடிமனும் சேர்ந்து இரட்டிக்கின்றன. 2 × 2 × 2 என எடை எட்டு மடங்காகி 160 கிராமுக்குப் பக்கத்தில் போகும்.

நீளத்தையும் எடையையும் அப்படியே வரைபடத்தில் குறித்தால் வளைகோடு கிடைக்கும். வளைகோட்டை வைத்துக்கொண்டு ஒப்பிடுவது கடினம். இரண்டுக்கும் மடக்கை எடுத்துக் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சரிவு 3-க்குப் பக்கத்தில் இருந்தால் மீன் ஒரே உடல்வாகில் வளர்கிறது. குறைந்தால் நீளத்துக்குத் தகுந்த சதை இல்லை. மடக்கை எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு மீன் மார்க்கெட்டில் பத்து மீனை அளந்துவரச் சொல்லிவிட்டு, மறுநாள் வகுப்பில் கோடு போட வைத்தால் போதும். இதுவும் தலைகீழ் வகுப்பறைதான். முன்தயாரிப்பு என்பது வீடியோவாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வேளாண்மைக்கும் இதே கதை. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. என்ற பெயரில் வேர்க்கடலை, முந்திரி ரகங்கள் வந்திருக்கின்றன. ஒரு ரகம் இன்னொன்றைவிட நல்லது என்று எப்படிச் சொல்வது? வயலின் மேட்டுப்பக்கம் ஒரு ரகம், பள்ளப்பக்கம் ஒரு ரகம் போட்டால், கூடுதல் விளைச்சல் விதையால் வந்ததா, ஈரத்தால் வந்ததா? இந்தக் கேள்விக்காகத்தான் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1919 இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், வயலைத் தொகுதிகளாகப் பிரித்து ரகங்களைச் சீட்டுக் குலுக்கல்போல் பரப்பும் முறையையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வையும் உருவாக்கினார். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாளில் 'அனோவா' என்று பயமுறுத்துவது இதுதான். அது வயலிலிருந்து வந்தது என்று தெரிந்தால் விவசாய வீட்டுப் பிள்ளைக்குப் பயம் பாதி குறையும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் எப்படிச் சமாளிப்பது?

இவர்களுக்குத்தான் இந்த முறையில் லாபம் கூடுதல். வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடும் விளக்கத்தை நிறுத்த முடியாது. வீடியோவை நிறுத்தலாம், திருப்பிக் கேட்கலாம், குறிப்பை அகராதியோடு படிக்கலாம். குழுவில் பேசும்போது தமிழில் பேசட்டும், விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் திட்ட விலக்கம், கூட்டுச்சராசரி, நிகழ்தகவு என்று பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்லையும் தேர்வில் வரும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் பாதி மலைப்பு போய்விடும்.

இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான வீடியோ வரும். 2019 இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். பட்டப்படிப்பு அளவுக்கு ஸ்வயம், என்.பி.டி.இ.எல். தளங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் பிள்ளை ஒன்றையும் பார்க்காது. இன்னது, இத்தனை நிமிடம் என்று ஆசிரியர் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும்.

இதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்வதுபோல் இல்லை. அறிவியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் வெளியிட்ட முடிவு இது: சொற்பொழிவு மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 34 சதவீதம் பேர் தோற்றார்கள், வகுப்பிலேயே மாணவர் வேலை செய்யும் முறையில் தோற்றவர் 22 சதவீதம்.

இதை அப்படியே வீடியோவின் வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவர்களை வைத்து 2015 இல் வெளியான ஆய்வில், தலைகீழ் வகுப்பையும், தலைகீழாக்காமலேயே மாணவரை வேலை செய்ய வைத்த வகுப்பையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கற்றது ஏறத்தாழ ஒரே அளவு. பலன் தந்தது வகுப்பில் மாணவர் செய்த வேலைதான் என்பது அதன் முடிவு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2019 இல் ஹார்வர்டு இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், வேலை செய்து கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான சொற்பொழிவு கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்ததுபோல் இருந்தது. "அந்த சார் சூப்பரா நடத்துவார், இவர் எங்களையே போடச் சொல்றார்" என்று பிள்ளை வந்து சொன்னால் உடனே கல்லூரிக்குப் புகார் எழுதிவிடாதீர்கள்.

போர்ஷன் முடியுமா? செமஸ்டர் தேர்வு பழைய மாதிரிதானே இருக்கிறது?

எல்லாப் பாடத்தையும் தலைகீழாக்கினால் முடியாது. ஆசிரியரும் களைத்துவிடுவார், மாணவரும் களைத்துவிடுவார். ஒரு செமஸ்டரில் மாணவர் அதிகம் தடுமாறும் நான்கைந்து பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்வது போதும். மடக்கையும் அடுக்கும், நிகழ்தகவு, திட்ட விலக்கம், அரை ஆயுள் கணக்கு, கை-வர்க்கச் சோதனை போன்றவை. மற்றவற்றை வழக்கம்போல் நடத்தலாம்.

தேர்வுக்கு இது எதிரியும் இல்லை. செமஸ்டர் தாளில் கேட்பது கணக்குத்தான். கணக்கை ஆசிரியர் முன்னால் நான்கு முறை போட்டவர், பலகையிலிருந்து நான்கு முறை நகலெடுத்தவரைவிட நன்றாகவே எழுதுவார். பி.பார்ம். ரெமெடியல் மேத்தமேட்டிக்ஸ் போன்ற தாளுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு இல்லை, கல்லூரியே தேர்வு நடத்துகிறது. புதிய முறையைத் துணிந்து செய்துபார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

60 பேர் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா?

நடக்கும், ஆனால் பெஞ்சு அமைப்பிலேயே நடத்தத் தெரிய வேண்டும். முன்பெஞ்சுக்காரர் திரும்பி உட்கார்ந்தால் நான்கு பேர் குழு கிடைத்துவிடும். 60 பேருக்கு 15 குழு. ஒரு கணக்குக்குப் பத்து நிமிடம் என்றால் ஆசிரியர் எல்லாக் குழுவையும் பார்க்க முடியாது. பாதியைப் பார்ப்பார், அடுத்த கணக்குக்கு மீதியைப் பார்ப்பார். பிளஸ் 2 இல் கணக்கு எடுத்த பயோ-மேக்ஸ் மாணவர்களைக் குழுவுக்கு ஒருவராகப் போடலாம் என்று தோன்றும். அவரே எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிடும் ஆபத்து இருப்பதால், எழுதுவது அவர் வேலை இல்லை, கேட்பதுதான் அவர் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதை நடத்த வேண்டியது கணித ஆசிரியரா, உயிரியல் ஆசிரியரா?

இருவரும் சேர்ந்து. கணிதத் துறையிலிருந்து வரும் ஆசிரியர் x, y என்று எழுதுவார்; விலங்கியல் ஆசிரியர் கணக்கைத் தவிர்த்துவிட்டுப் படத்தைக் காட்டுவார். இரண்டுக்கும் நடுவில் மாணவர் விழுகிறார். 400 மி.கி. மருந்தின் அரை ஆயுள் 4 மணி நேரம் என்றால் 12 மணி நேரத்தில் உடலில் மிஞ்சுவது 50 மி.கி. இது அடுக்குச் சார்பு என்று கணித ஆசிரியர் சொல்ல வேண்டும். ஏன் எட்டு மணிக்கொருமுறை மாத்திரை போடச் சொல்கிறார்கள் என்பதை மருந்தியல் ஆசிரியர் சொல்ல வேண்டும். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில், கொரோனா காலத்தில் சீதாப்ர சின்ஹா தொற்றிய ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்கு நோய் பரவும் என்று காட்டும் 'ஆர்' எண்ணைக் கணித்து வெளியிட்டுவந்தார். கணிதமும் உயிரியலும் ஒரே மேசையில் உட்கார்ந்த வேலை அது. கல்லூரியில் வாரம் அரை மணி நேரம் இரு துறை ஆசிரியரும் சேர்ந்து அடுத்த வாரக் கணக்குகளைத் தேர்ந்தெடுத்தால் அதுவே பெரிய காரியம்.

நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். பெற்றோராக என்ன செய்ய முடியும்?

நீச்சல் தெரியாத தகப்பனும் பிள்ளையைக் குளத்துக்கு அழைத்துப் போகலாம். கணக்குத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. இரவு அரை மணி நேரம் போனையோ குறிப்பையோ நிம்மதியாகப் பார்க்க இடம் கொடுங்கள். "பொம்பளப் பிள்ளைக்குப் போன் எதுக்கு" என்ற பேச்சை அந்த அரை மணி நேரத்துக்காவது ஒதுக்கி வையுங்கள். பிளஸ் 1 இல் குரூப் தேர்ந்தெடுக்கும்போது, கணக்கிலிருந்து தப்பிக்க பயாலஜி என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அது நடக்காத காரியம் என்பதை மேலே பார்த்தோம்.

கல்லூரியில் சேர்க்கப் போகும்போது "ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா, வீடியோ பாடம் உண்டா" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கு வகுப்பில் என் பிள்ளை தன் கையால் எத்தனை கணக்குப் போடும்? போடும்போது ஆசிரியர் நோட்டைப் பார்ப்பாரா? போன் இல்லாத பிள்ளைக்குக் குறிப்பு அச்சில் கிடைக்குமா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். வராவிட்டால், அங்கே வகுப்பு தலைகீழாக இருந்தாலும் நேராக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வரப்போவதில்லை.